பேத்தியின் சாக்ஸபோனுக்கு ஒரு கழுத்து வார்

வீட்டுப் பிள்ளை வாத்தியம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் நாம் முதலில் கேட்பது அதன் விலையைத்தான். பிறகு யார் சொல்லிக் கொடுப்பார்கள், எந்த நாளில் வகுப்பு, பள்ளிப் படிப்பு கெட்டுப் போகுமா என்று வரிசையாகக் கேட்போம். அந்த வாத்தியம் பிள்ளையின் உடம்பில் எங்கே உட்காருகிறது, எங்கே அழுத்துகிறது என்று யாரும் கேட்பதில்லை. மிருதங்கத்தைத் தரை தாங்கிக்கொள்ளும். வயலின் மார்புக்கும் காலுக்கும் நடுவே சாய்ந்து நிற்கும். புல்லாங்குழலுக்குப் பாரமென்று சொல்ல ஒன்றுமில்லை. சாக்ஸபோன் அப்படியல்ல. அது கழுத்தில் தொங்குகிற வாத்தியம். கழுத்தில் தொங்குவதற்கு ஒரு வார் வேண்டும். அந்த வாரைத் தேடி நான் மூன்று மாத காலம் அலைந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். சாக்ஸபோன் கற்கும் பிள்ளைகள் உள்ள வீடுகள் கெடாவில் இப்போது ஒன்றிரண்டல்ல. அவர்களுக்காவது பயன்படட்டும்.

என் பேத்திக்கு 11 வயது. சுங்கைப்பட்டாணியில் எங்கள் தாமானுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாஸ்டர் இருக்கிறார். கல்யாணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் தவிலோடு சேர்ந்து சாக்ஸபோன் வாசிப்பவர். சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கிறார். எங்கள் வீட்டுக் குட்டி ஒரு கல்யாணத்தில் அவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு, சாப்பாட்டுப் பந்திக்குக்கூட எழுந்து வராமல் மேடை ஓரத்திலேயே நின்றுவிட்டாள். மறுவாரமே வகுப்பில் சேர்த்துவிட்டோம்.

சாக்ஸபோனில் பல அளவுகள் உண்டு. நம் மேடைகளில் பெரும்பாலும் பார்ப்பது ஆல்டோ. அதைவிடப் பெரியது டெனர். ஆல்டோவைவிடச் சிறியது சோப்ரானோ. இந்தச் சோப்ரானோ, நாதஸ்வரம் போல் நேராக நீட்டிக்கொண்டும் வரும். பெரிய சாக்ஸபோனைப் போலவே வளைந்தும் வரும். வளைந்ததைப் பார்த்தால் பெரிய சாக்ஸபோன் ஒன்று மழையில் நனைந்து சுருங்கிப் போனது போல் இருக்கும்! பேத்தியின் விரல்கள் ஆல்டோவின் சாவிகளுக்கு எட்டவில்லை. அதனால் மாஸ்டர் தம்மிடம் சும்மா கிடந்த வளைந்த சோப்ரானோ ஒன்றை இரவலாகக் கொடுத்தார். “விரல் நீளும்வரை இதில் வாசிக்கட்டும் அம்மா. அப்புறம் ஆல்டோவுக்குப் போகலாம்” என்றார். பெரிய மனசு. புதிதாக ஒன்று வாங்குவதென்றால் ஆயிரக் கணக்கில் வெள்ளி வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு நடக்காது.

இது நம் ஊர் வாத்தியமா என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு சிறு செய்தி. பெல்ஜியம் நாட்டில் டினான் என்ற ஊரில் 1814-இல் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் என்பவர் செய்த வாத்தியம் இது. 1846-இல் பாரிசில் அதற்குக் காப்புரிமை பெற்றார். தம் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார். உடம்பு பித்தளைதான், ஆனால் ஊதுமிடத்தில் ஒற்றைச் சீவாளி இருக்கிறது. ராணுவ வாத்தியக் குழுக்கள்தான் அதை முதலில் விரும்பி எடுத்துக்கொண்டன. நின்றுகொண்டும் நடந்துகொண்டும் ஊத வேண்டியதாகையால் அதன் முதுகில் ஒரு வளையம் உண்டு. அந்த வளையத்தில் கொக்கியை மாட்டி, கொக்கியை வாரில் கோத்து, வாரைக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். பட்டாளத்து ஆளின் கழுத்துக்கு அது பொருந்தும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கழுத்தை அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நம் சங்கீதத்துக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் கத்ரி கோபால்நாத். மங்களூர்ப் பக்கத்தில் 1949-இல் பிறந்தவர். தந்தையார் நாதஸ்வரக் கலைஞர். மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்ஸபோன் ஒலிப்பதைக் கேட்டு மனம் பறிகொடுத்து, நாதஸ்வரத்தில் வரும் கமகங்களையெல்லாம் இந்தப் பித்தளையில் வரவழைக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டார். 1994-இல் வெளிவந்த ‘டூயட்’ படத்தில் ஏ. ஆர். ரஹ்மான் இசையில் அவர் வாசித்தது தோட்டத்து வீடுகளுக்கெல்லாம் வீடியோ கேசட்டில் வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத்து லயத்துப் பையன் ஒருவன் மண்ணெண்ணெய் ஊற்றும் புனலை வாயில் வைத்துக்கொண்டு பிரபு மாதிரி ஆடியதை நான் மறக்கவில்லை. கத்ரி 2004-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2019 அக்டோபரில் காலமானார். அவரிடம் கற்றுக்கொண்டு மேடையேறிய பெண்களும் உண்டு. எம். எஸ். லாவண்யாவின் கச்சேரியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் என் பேத்தி தூங்கப் போவாள்.

இப்போது வலிக்கு வருகிறேன். வகுப்பில் சேர்ந்து ஆறு வாரம் இருக்கும். சரளி வரிசை முடிந்து ஜண்டை வரிசை ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலையணை உறையைத் துவைக்க எடுத்தேன். கோடாலித் தைலத்தின் வாசம் குப்பென்று அடித்தது. நம் வீடுகளில் அந்தத் தைலம் பெரியவர்களுக்குச் சொந்தமானது. பதினோரு வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன வேலை? மாலையில் தலை பின்னும்போது சட்டைக் காலரை விலக்கிப் பார்த்தேன். பின்கழுத்தில், எலும்பு துருத்தி நிற்கும் இடத்தில், ஒரு விரல் அகலத்துக்குச் சிவந்த தடம். கழுத்துச் சங்கிலி வாருக்கு அடியில் மாட்டிக்கொண்டு அதன் கண்ணிகள் வேறு தோலில் அச்சுப் பதிந்திருந்தன.

“எத்தனை நாளா கண்ணு வலிக்குது?”

“வலிக்கல பாட்டி.”

“அப்புறம் தைலம் எதுக்கு?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அம்மாகிட்ட சொல்லாதீங்க பாட்டி. சொன்னா மாஸ்டர்கிட்ட திருப்பிக் கொடுத்துடச் சொல்லுவாங்க” என்றாள்.

என் மகளிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். பேத்தி பயந்தபடியேதான் நடந்தது. “கழுத்து எலும்பு ஏதாவது ஆச்சுன்னா யார் பார்க்கிறது? வேண்டாம்மா, திருப்பிக் கொடுத்துடுவோம்” என்றாள் மகள். தாய் மனம் அப்படித்தான் பேசும். நான் குறை சொல்ல மாட்டேன். அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கிருந்த பெண் டாக்டர் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொல்லிப் பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை, சதை சோர்ந்திருக்கிறது என்றார். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் அந்த எலும்புகளின் நடுவிலிருந்துதான் புறப்படுகின்றன, ஆகையால் விரல் மரத்தாலோ கையில் மின்சாரம் பாய்வது போல் இருந்தாலோ உடனே வர வேண்டும் என்றும் சொன்னார். இரண்டு வாரம் வாத்தியத்துக்கு ஓய்வு. “வாரை மாற்றுங்கள்” என்றார் கடைசியாக.

வீட்டுக்கு வந்ததும் சமையல்கட்டுத் தராசில் அந்தச் சின்ன சாக்ஸபோனை நிறுத்துப் பார்த்தேன். 1 கிலோ 300 கிராம். ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. ஆல்டோ என்றால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ வரும். டெனர் அதற்கும் மேலே. இந்தச் சீனிப் பொட்டலமா பிள்ளையின் கழுத்தைச் சிவக்க வைத்தது என்று மகளுக்கு ஆச்சரியம். எனக்கு ஆச்சரியமில்லை. நான் காண்டா தூக்கியவர்களின் வீட்டில் பிறந்தவள்.

பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் என் அப்பா பால் வெட்டினார். வெட்டி முடித்து, மங்குகளிலிருந்து பாலைச் சேகரித்து, இரண்டு வாளிகளையும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் மாட்டி, மேட்டிலிருந்து பால் நிறுக்கும் இடத்துக்கு இறங்கி வருவார். மோட்டார் சைக்கிளில் பால் ஏற்றும் காலம் பின்னால்தான் வந்தது. கம்பை அவர் கழுத்தை ஒட்டி வைத்து நான் பார்த்ததே இல்லை. கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே சதை திரண்ட இடம் இருக்கிறதே, அங்கேதான் வைப்பார். அதுவும் வெறும் தோளில் அல்ல. துண்டை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் வைப்பார். சின்னப் பாலத்துக்கு வந்ததும் தோள் மாற்றுவார். எட்டு வயதில் அதைப் பார்த்து, அப்பாவுக்குச் சோர்வு என்று நினைத்துக்கொள்வேன். பாரம் எலும்பில் படக்கூடாது, ஒரே இடத்தில் நிற்கக்கூடாது, படுகிற இடம் அகலமாக இருக்க வேண்டும் என்ற மூன்று கணக்கையும் அவர் பள்ளிக்கூடம் போகாமலே போட்டு வைத்திருந்தார். தலையில் விறகு சுமந்த நம் அம்மாமார்களின் சும்மாடும் அதே கணக்குத்தான்.

அப்படியிருந்தும் அப்பாவின் தோளில் காய்ப்புக் காய்த்திருந்தது. வலிக்கிறது என்று அவர் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் மறுநாள் பெரட்டில் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளமில்லை. அது வேறு காலம், வேறு கட்டாயம். பாட்டுக் கற்கும் பிள்ளை வலியை மறைத்துத் தைலம் தடவிக்கொண்டு படுக்க வேண்டிய கட்டாயம் என்ன வந்தது? இந்த நினைப்புதான் என்னை வாரைத் தேடிக் கிளப்பிவிட்டது.

மாஸ்டரின் சாக்ஸபோனோடு கூட வந்தது மெல்லிய நைலான் வார். அகலம் இரண்டரைச் சென்டிமீட்டர்கூட இல்லை. சீனிப் பொட்டலத்தைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்று பாருங்கள்; அதே பொட்டலத்தைத் துண்டில் முடிந்து மாட்டிக்கொண்டும் நின்று பாருங்கள். எடை ஒன்றுதான், ஆனால் கயிறு அறுக்கும், துண்டு அறுக்காது. இது தவிர அந்த வாரின் கொக்கி மூடியில்லாத வெறும் வளைவு. ஒரு நாள் சாக்ஸபோனைச் சற்று மேலே தூக்கியபோது வளையம் கொக்கியை விட்டுக் கழன்றுவிட்டது. நல்ல வேளையாகக் கை பிடித்துக்கொண்டது. இரவல் பொருள், கீழே விழுந்திருந்தால் மாஸ்டர் முகத்தில் எப்படி விழிப்பது? கொக்கி வாங்கும்போது வாய் மூடிக்கொள்ளும் கொக்கியாக, பித்தளையைக் கீறாதபடி பிளாஸ்டிக் உறை போட்டதாகப் பாருங்கள்.

அடுத்தது மருமகன் பட்டர்வொர்த்துக்கு வேலையாகப் போனபோது ஒரு கடையில் வாங்கி வந்தது. நியோப்ரீன் என்கிறார்கள், கடலில் முக்குளிப்பவர்கள் உடுத்தும் உடை தைக்கிற ரப்பர் நுரை. நல்ல அகலம், தொட்டால் மெத்தை. ‘சின்ன சாக்ஸபோனுக்கும் பொருந்தும்’ என்று கடைக்காரர் அடித்துச் சொன்னாராம். பொருந்தவில்லை. எவ்வளவு மேலே ஏற்றினாலும் கழுத்திலிருந்து கொக்கி வரை 36 சென்டிமீட்டருக்குக் குறையவில்லை. பேத்திக்கு வேண்டியது 27. பெரியவர்களின் ஆல்டோவையும் டெனரையும் மனதில் வைத்துச் செய்த வார் அது. விளைவு என்னவென்றால், வாத்தியம் தாழத் தொங்கியது. அதன் வாயைத் தேடிப் பிள்ளை தலையைக் குனிந்தாள். தலை முன்னால் குனியக் குனிய அதன் பாரமும் கழுத்துச் சதைமேல்தான் ஏறும். ஆக, சாக்ஸபோனின் பாரத்தோடு தலையின் பாரமும் சேர்ந்துகொண்டது. அது நீண்டு சுருங்குகிற பொருளாகையால் நடக்கும்போது வாத்தியம் ஊஞ்சலாடிப் பல்லில் இடித்தது. போதாக்குறைக்கு, நம் கெடா வெயிலில் அந்த ரப்பருக்கு அடியில் வியர்த்து வேர்க்குரு வேறு கிளம்பிவிட்டது. டெனர் வாசிக்கும் பெரியவர்கள் அந்த வகையைப் புகழ்கிறார்கள். அவர்களுக்கு அது சரியாக இருக்கலாம்.

எதிர்வீட்டுப் பையன் உறுமி மேளக் குழுவில் அடிப்பவன். தைப்பூசத்துக்கு மணிக்கணக்கில் உறுமியைச் சுமந்து ஆடுகிறவன் அல்லவா, அவனிடமும் கேட்டேன். “பாட்டி, கழுத்துல ஏன் மாட்டுறீங்க? எங்கள மாதிரி தோள்ல குறுக்க மாட்டுங்க” என்று தன் வாரையே கழற்றிக் கொடுத்தான். யோசனை நல்ல யோசனை. எங்கள் அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் உறுமி இடுப்போரம் தொங்குவது; சாக்ஸபோனோ நெஞ்சுக்கு நேரே நிற்க வேண்டியது. குறுக்கே மாட்டியதும் அது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. அதைத் தொடர்ந்து பிள்ளையும் இடுப்பைத் திருப்பினாள். ஐந்து நிமிடத்தில் வாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பையனுக்கு முறுக்கு கொடுத்தேன்.

உட்கார்ந்து வாசித்தால் தீர்ந்தது என்றார் ஒரு உறவினர். கத்ரி கோபால்நாத் மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்துதானே வாசித்தார் என்பது அவர் வாதம். உண்மைதான். ஆல்டோவாக இருந்தால் உட்காரும்போது அதன் அடிப்பாகம் தொடையோரம் சாய்ந்துகொள்ளும். சோப்ரானோவின் அடி தொடைவரை வராது. நெஞ்சுக்கும் மடிக்கும் நடுவே அந்தரத்தில் நிற்கும். சின்ன வாத்தியத்துக்கு வார் எதற்கு, கையிலேயே பிடித்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களும் உண்டு. பிடித்துக்கொள்ளலாம்தான். அப்போது பாரம் முழுவதும் வலது கட்டைவிரலின் கணுவில் போய் நிற்கும். கட்டைவிரல் பாரம் தாங்கினால் மற்ற விரல்கள் இறுகிவிடும். இறுகிய விரலில் கமகம் எங்கே வரும்? வார் பாரத்தைத் தாங்க வேண்டும், கட்டைவிரல் வாத்தியத்தை ஆடாமல் நிறுத்த மட்டும் வேண்டும் என்பது மாஸ்டரின் பாடம்.

பிறகு தோள் வார். பள்ளிப் பை மாதிரி இரண்டு தோளிலும் மாட்டி, முதுகில் குறுக்கே சேர்ந்து, முன்னால் கொக்கி வருகிற வகை. இதில் பிள்ளைகளுக்கென்றே சிறிய அளவு கிடைக்கிறது. கைப்பேசியில் தேடி வரவழைத்தோம். பாரத்தைப் பொறுத்தவரை இதற்கு மிஞ்சியது இல்லை. கழுத்தைத் தொடுவதே கிடையாது. ஆனால் வளரும் பெண் பிள்ளைக்கு மார்பின் குறுக்கே வார் இழுபடுவது கூச்சமாக இருந்தது. அவள் சொல்லவில்லை, கையால் இழுத்து இழுத்துச் சரி செய்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். பெண் பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தோளோரமாகவே இறங்கி மார்பை விட்டு விலகி நிற்கும் வகைகளும் இருக்கின்றன. தோளில் வளைந்த கம்பிகள் படிந்து, வயிற்றில் ஒரு சிறு தாங்கி நின்று, கழுத்தையும் முதுகையும் இரண்டையுமே விட்டுவிடும் ஒரு ஜெர்மன் கருவியும் உண்டு. விலையைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

கடைசியில் எங்களுக்கு வழிகாட்டியவர் பட்டணத்தில் சட்டை தைக்கும் ஒரு வயதான தையற்காரர். முழுக்காற்சட்டைக்குக் கால் சுருக்குவதைத் தவிர இப்போதெல்லாம் வேலை வருவதில்லை என்று சலித்துக்கொண்டிருந்தவர், பேத்தியும் சாக்ஸபோனும் கடைக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “நேரா நில்லு பாப்பா. முன்னால பாரு. குனியாத” என்றார். சாக்ஸபோனை நான் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். ஊதுவாய் தானாக அவள் உதட்டுக்கு வந்து நிற்கும் உயரத்தில் நிறுத்தினேன். ஒரு சணல் கயிற்றை அவள் கழுத்தில் போட்டு வளையம்வரை அளந்தார். அந்த 27 சென்டிமீட்டர் என்ற கணக்கு அவர் அளந்ததுதான். வாருக்கு அளவெடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வாத்தியம் வாய்க்கு வர வேண்டும். வாய் வாத்தியத்துக்குப் போகக்கூடாது.

பின்கழுத்துக்கு வரும் பட்டையை 7 சென்டிமீட்டர் அகலத்தில் கேன்வாஸ் துணியில் வெட்டினார். நடுவே கொஞ்சம் பள்ளமாக வளைத்து வெட்டினார், துருத்திய எலும்பின்மேல் படாமல் இருபுறத்துச் சதையில் படிவதற்காக. சட்டைக் கழுத்து வெட்டியே 40 வருடம் போயிற்றாம். கழுத்து நேர்கோடு இல்லை என்பது அவருக்குத் தெரியாதா? உள்ளே மெல்லிய, கெட்டியான நுரை. ரொம்பப் பஞ்சாக இருந்தால் இரண்டு வாரத்தில் அமுங்கிவிடும் என்றார். தோலில் படும் பக்கத்துக்குப் பருத்திக் கைலித் துணி. நன்றாகத் துவைத்துப் பழகியது, வியர்வையை இழுத்துக்கொள்ளும். பட்டையின் இரு முனைகளிலும் பழைய வாரின் கயிற்றையும் ஏற்றி இறக்கும் கட்டையையும் வைத்துத் தைத்தார். கொக்கி மட்டும் புதியது, மூடி உள்ளது. துணிக்கும் கூலிக்குமாகப் பதினெட்டு வெள்ளி வாங்கினார். அதுவும் நான் வற்புறுத்தியதால்.

முதல் தடவை மாட்டியபோது ஒரு குறை தெரிந்தது. கொக்கிக்கு மேலே கயிறு இரண்டும் குறுகலாகச் சேர்ந்து தொண்டையின் இரு பக்கமும் உரசின. மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, நல்ல வார்களில் இதற்காகவே ஒரு சிறு குறுக்குக் கட்டை வைத்திருப்பார்கள், அது கயிறுகளைப் பிரித்து நிறுத்தும் என்றார். மறுநாள் தையற்காரர் பட்டையின் முனைகளைச் சற்று நீட்டி, நெஞ்செலும்புக்கு அருகில்வரை அகலமாகவே இறங்கும்படி மாற்றிக் கொடுத்தார். உரசல் நின்றது. ஊதுகிற பிள்ளைக்குத் தொண்டையை யாரும் இறுக்கக்கூடாது. இதைப் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி ஊத ஆரம்பித்தாள். மகள் ஒரு நிபந்தனை வைத்தாள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை வாரைக் கழற்றி, சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்து, தோளைச் சுழற்றிவிட்டுத்தான் மறுபடி எடுக்க வேண்டும். அடுப்பில் சோறு வேகும் நேரத்தைக் கணக்கு வைத்து நான் உள்ளேயிருந்து குரல் கொடுப்பேன். சங்கிலியை ஊதும் முன்பே கழற்றி என்னிடம் தந்துவிடுவாள். பின்னலை முன்னால் போட்டுக்கொள்வாள், இல்லாவிட்டால் வாருக்குள் முடி மாட்டி இழுக்கும். வாரத்துக்கு ஒரு முறை வாரைச் சவர்க்காரத் தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுகிறேன். அப்போதே தையல் விட்டிருக்கிறதா, கொக்கியின் வில் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் தலை பின்னும்போது பின்கழுத்தைப் பார்க்கிறேன். நான் பார்ப்பது அவளுக்கும் தெரியும். “பாருங்க பாட்டி, ஒன்னுமில்ல” என்று அவளே காலரை விலக்கிக் காட்டுகிறாள். கடந்த மாதம் ஒரு நாள் மட்டும், “இன்னைக்குக் கொஞ்சம் வலிக்குது, நாளைக்கு வாசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினாள். என் மகள் வாய் திறக்கவில்லை. மறுநாள் தானாகவே எடுத்தாள்.

கோடாலித் தைலம் பழையபடி என் பக்கத்து அலமாரிக்கு வந்துவிட்டது.

வாரின் செய்தி மாஸ்டரின் மற்ற மாணவர் வீடுகளுக்கும் போய்விட்டது. கூலிமிலிருந்து வரும் ஒரு பையனுக்கும், பாடாங் செராயிலிருந்து வரும் அக்காள் தங்கைக்கும் தையற்காரர் தைத்துக் கொடுத்திருக்கிறார். அந்தப் பையன் வாசிப்பது ஆல்டோ. அவனுக்குக் கழுத்துப் பட்டை போதாது என்று அவரே சொல்லி, பள்ளிப் பையின் தோள் வார்களைப் பிரித்து வைத்துக்கொண்டு ஏதோ செய்து பார்க்கிறார். அடுத்த வருடம் என் பேத்திக்கும் விரல் எட்டிவிடும் என்கிறார் மாஸ்டர். ஆல்டோ இரண்டரைக் கிலோ. போன வாரம் பட்டணத்தில் என்னைப் பார்த்த தையற்காரர், “அக்கா, பாப்பாவோட தோள் அளவை இப்பவே எடுத்துக்கவா, இல்ல இன்னும் வளரட்டுமா?” என்று கேட்டார். வளரட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.